ஒரு மாத்திரை என்றால் ஒரு மாத்திரைதான்

கோல்ஃப் ஆடி முழங்கை வலியோடு என்னிடம் பிசியோதெரபிக்கு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, "கடைசியா உங்களுக்கு யார், என்ன மாத்தச் சொன்னாங்க?" என்பதுதான். ஸ்கேன் எல்லாம் அப்புறம்.

அண்மையில் வந்தவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. ஆடத் தொடங்கி எட்டு மாதம்தான் ஆகிறது. மட்டையைப் பிடிக்கும் விதத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார் பயிற்சியாளர். இவர் அதோடு நிற்கவில்லை. யூட்யூபில் பார்த்த இடுப்புத் திருத்தம், தோள் திருத்தம், மணிக்கட்டுத் திருத்தம் மூன்றையும் சேர்த்துக்கொண்டு, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முந்நூறு பந்து அடித்திருக்கிறார். மறுநாள் காலை காபி டம்ளரைத் தூக்க முடியவில்லை.

இப்படி வருபவர்களுக்கு நான் ஹார்வி பெனிக் என்ற கோல்ஃப் பயிற்சியாளரின் கதையைச் சொல்வது வழக்கம். பயிற்சிக் கட்டிலில் படுத்திருப்பவர்கள் வேறு எங்கே போக முடியும், கேட்டுத்தான் ஆகவேண்டும்.

பெனிக் 1904இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டினில் பிறந்தவர். எட்டு வயதில் ஆஸ்டின் கன்ட்ரி கிளப்புக்குக் கேடியாகப் போனார், அதாவது ஆடுபவர்களின் மட்டைப் பையைச் சுமக்கும் பையனாக. 1923இல் அதே கிளப்பின் தலைமை புரோ, அதாவது சம்பளத்துக்கு கோல்ஃப் கற்றுக்கொடுப்பவர், ஆனார். 1971இல் மகன் டின்ஸ்லியிடம் பொறுப்பை ஒப்படைக்கும்வரை அங்கேயேதான் இருந்தார். கிளப் புரோ வேலை நாம் நினைப்பதுபோல் பகட்டானதல்ல. மட்டை விற்பது, பழுது பார்ப்பது, கேடிகளை மேய்ப்பது, உறுப்பினர்களுக்குப் பாடம் எடுப்பது என்று எல்லாம் ஒரே தலையில் விழும். இதற்கு நடுவே 1931 முதல் 1963 வரை டெக்சஸ் பல்கலைக்கழக அணிக்கும் அவரே பயிற்சியாளர். இளவயதில் போட்டி ஆட்டக்காரராகும் ஆசை அவருக்கும் இருந்தது. சாம் ஸ்னீட் என்ற பெரிய ஆட்டக்காரர் பந்தை அடிப்பதைப் பார்த்த பிறகு, கற்றுக்கொடுப்பதுதான் தன் வழி என்று முடிவு செய்தாராம்.

அவர் மாணவர்களிடம் அடிக்கடி சொன்ன ஒரு விஷயம் எங்கள் தொழிலுக்கு அப்படியே பொருந்தும்: ஒரு ஆஸ்பிரின் போடச் சொன்னால் பாட்டிலையே விழுங்கிவிடாதே. கையை இம்மியளவு நகர்த்தச் சொன்னால் ஆட்கள் ஒரு சாண் நகர்த்துவார்கள் என்பது அவருக்குத் தெரியும். அதனால் சொல்வதையே குறைத்துக்கொண்டார். பின்னாளில் பெயர்பெற்ற ஆட்டக்காரர்களான டாம் கைட், பென் கிரென்ஷா இருவரும் சிறு வயதிலிருந்தே அவரிடம் பயின்றவர்கள். ஒருவருக்குப் பாடம் நடக்கும்போது மற்றவரைப் பார்க்க விடமாட்டார். ஒருவருக்குச் சொன்ன மருந்தை இன்னொருவர் எடுத்துக்கொள்ளக் கூடாதே! கைட் 1992இல் கோல்ஃபின் பெரிய போட்டிகளில் ஒன்றான யு.எஸ். ஓபனை வென்றார்.

மருந்து அதிகமானால் உடம்பில் என்ன நடக்கிறது? முன்கைத் தசைகள் முழங்கை எலும்பில் வந்து ஒட்டும் இடத்தில் தசைநாண் இருக்கிறது. தசை சில வாரங்களில் வலுவாகிவிடும். தசைநாண் மெதுவாகத்தான் பழகும். புதுப் பிடியை நழுவவிடக் கூடாது என்று மட்டையை நெரித்துப் பிடித்தபடி நூற்றுக்கணக்கான பந்துகளை அடித்தால் அந்த ஒட்டுமிடம் தாங்காது. வலக்கை ஆட்டக்காரருக்குப் பொதுவாக வலது முழங்கையின் உட்புறமோ இடது முழங்கையின் வெளிப்புறமோ வலிக்கும். கோல்ஃபில் கீழ் முதுகும் அடிக்கடி அடிபடுகிற இடம்தான், அதைத் தனியாக எழுதவேண்டும்.

பெனிக் புல்வெட்டும் கருவியை மெதுவாக வீசிப் பழகச் சொல்வார். மட்டையை மிக மிக மெதுவாகச் சுழற்றச் சொல்வதும் உண்டு. அவர் எண்ணியது ஆட்டத்தின் தாளத்தை. எனக்கு அதில் தெரிவது, உடம்புக்கு ஏற்றபடி அளந்து கொடுத்த சுமை.

முதுமையில் கோல்ஃப் வண்டியில் உட்கார்ந்தபடியே பாடம் சொன்னார். 1995இல், படுக்கையில் இருந்தபோது, பார்க்க வந்த கிரென்ஷாவுக்குப் பந்தைக் குழிக்கு உருட்டுவதில் கடைசிப் பாடம் எடுத்தார். இரண்டு முறை வீசிப் பார், அப்புறம் உன்னை நம்பு என்பதுதான் அதன் சாரம். ஏப்ரல் 2ஆம் தேதி பெனிக் இறந்தார். கிரென்ஷா அவருடைய சவப்பெட்டியைச் சுமந்துவிட்டு அகஸ்டாவுக்குப் போய், 43 வயதில், ஏப்ரல் 9ஆம் தேதி அங்கே நடக்கும் மாஸ்டர்ஸ் என்ற பெரிய போட்டியின் பட்டத்தை வென்றார். ஒரே அடி வித்தியாசத்தில் தோற்ற மூன்றாம் டேவிஸ் லவ்வின் தந்தையும் பெனிக்கின் மாணவர்தான்.

சரி, நம் ஆளுக்கு வருவோம். இரண்டு வாரம் பந்து அடிக்கக் கூடாது என்றேன். ஒரே ஒரு பயிற்சி கொடுத்தேன்: எடையைக் கையில் பிடித்து, மணிக்கட்டை மெதுவாக இறக்குவது. "இவ்வளவுதானா? இன்னும் ரெண்டு மூணு சொல்லுங்களேன்" என்றார். மறுத்துவிட்டேன். வலி தணிந்தால் அரை வீச்சில் முப்பது பந்து, மறுநாள் வலி கூடாவிட்டால் கொஞ்சம் ஏற்றலாம். விரல் மரத்துப்போனாலோ, பிடி திடீரென்று தளர்ந்தாலோ அடுத்த தேதிவரை காத்திருக்காமல் வந்துவிடச் சொல்லியிருக்கிறேன்.