மார்ஃபான் நோய்: ஒரு புரதம் பிசகினால்

1986 ஜனவரி 24. ஜப்பானின் மாட்சுயே நகரில் ஒரு வாலிபால் ஆட்டம். நடுவில் மாற்று வீராங்கனைக்கு இடம்விட்டு வெளியே வந்து உட்கார்ந்த அமெரிக்காவின் ஃப்ளோ ஹைமன் அப்படியே சரிந்தார், அன்றே இறந்தார். வயது 31. 1984 ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற அணியின் நட்சத்திரம், ஆறடி ஐந்தங்குல உயரம். மாரடைப்பு என்றுதான் முதலில் நினைத்தார்கள். பிரேதப் பரிசோதனையில், இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் கொண்டுசெல்லும் பெருந்தமனி கிழிந்திருந்தது தெரிந்தது. காரணம், யாரும் கண்டுபிடிக்காமல் விட்ட மார்ஃபான் நோய். பிறகு அவருடைய சகோதரரைச் சோதித்தபோது அவருக்கும் அது இருந்தது. அறுவை சிகிச்சை செய்தார்கள்.

சுமார் 5,000 பேரில் ஒருவருக்கு வரும் மரபுவழி நோய் இது. 15-ஆவது குரோமோசோமில் உள்ள ஒரு மரபணு, ஃபைப்ரிலின்-1 என்ற புரதத்தை உருவாக்குகிறது. உடலின் இணைப்புத் திசுக்களில் இது நுண்ணிய இழைகளாக நிற்கும். கட்டடத்துக்குச் சாரம் கட்டுவதுபோல, இந்த இழைகளின் மேல்தான் எலாஸ்டின் நார்கள் படிந்து உருவாகின்றன. இதயம் துடிக்கும்போதெல்லாம் பெருந்தமனி விரிந்து சுருங்க வேண்டுமே, அந்த நெகிழ்ச்சியைக் கொடுப்பவை இந்த நார்கள்தாம். ஃபைப்ரிலின் பழுதானால் சுவர் தளர்கிறது. இதயத்தை ஒட்டிய வேர்ப்பகுதி வருடக்கணக்கில் மெல்ல வீங்குகிறது, பெரும்பாலும் வலியே இல்லாமல். ஒருநாள் உள்ளடுக்கு கிழிந்து, ரத்தம் சுவரின் அடுக்குகளுக்கு இடையே புகுந்துவிடும்.

ஃபைப்ரிலினுக்கு இன்னொரு வேலையும் உண்டு. திசு வளர்ச்சியைத் தூண்டும் டிஜிஎஃப்-பீட்டா என்ற சமிக்ஞைப் புரதத்தைக் கட்டிவைப்பதும் அதுதான். கட்டு தளர்ந்தால் அந்தச் சமிக்ஞை அளவுமீறும். ஒரே நோய் எலும்பு, கண், இதயம் என்று இத்தனை இடங்களைத் தொடுவதற்கு இதுவும் ஒரு காரணம். நீண்ட கைகால், மெலிந்த விரல்கள், குழிந்த அல்லது துருத்திய நெஞ்சு, வளைந்த முதுகெலும்பு எல்லாம் வெளியே தெரியும் அடையாளங்கள். ஆனால் உயரமாக இருப்பவர்கள் எல்லாருக்கும் இந்த நோய் இருப்பதில்லை.

1972-இல் வெளியான ஓர் ஆய்வில், இந்நோயால் இறந்தவர்களின் சராசரி வயது 32. இன்று எக்கோ (இதய ஸ்கேன்) பரிசோதனையில் பெருந்தமனியின் அகலத்தை அளந்துகொண்டே வருகிறார்கள். பீட்டா பிளாக்கர், லோசார்டான் போன்ற மருந்துகள் வீக்கத்தின் வேகத்தைக் குறைக்கின்றன. அகலம் சுமார் 5 சென்டிமீட்டரை எட்டினால், கிழியும் முன்பே அறுவை சிகிச்சையில் அந்தப் பகுதியை மாற்றிவிடலாம். முறையாகக் கவனித்தால் முதுமைவரை வாழ முடிகிறது. கண்டுபிடிக்காமல் விடுவதுதான் பெரிய ஆபத்து.

பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு. ஆனால் நோயாளிகளில் சுமார் கால்வாசிப் பேருக்கு இது புதிய மரபணு மாற்றம். "எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லையே" என்று விட்டுவிட முடியாது. பல சமயம் முதலில் சந்தேகப்படுபவர் கண் மருத்துவர்தான். விழிலென்ஸைப் பிடித்திருக்கும் இழைகளிலும் முக்கியமாக இருப்பது ஃபைப்ரிலின் என்பதால், லென்ஸ் இடம் நகர்ந்துவிடுகிறது. அப்படி நகர்ந்திருப்பதைப் பார்த்தால், கண்ணாடியோடு நிறுத்தாமல் எக்கோவுக்கும் எழுதிக்கொடுக்க வேண்டும்.