லிங்க் ராடு இல்லை, ஸ்பிரிங்கைப் பாருங்கள்

போன மாதம் காயல்பட்டினம் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியர் தன் சின்னக் காரைத் தூத்துக்குடியில் இருக்கும் என் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்தார். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் இடது முன்பக்கம் 'டங்' என்று ஒரு சத்தம். வேறோர் இடத்தில் இரண்டு முறை லிங்க் ராடு, அதாவது சஸ்பென்ஷனில் இருக்கும் சின்ன இணைப்புக் கம்பி, மாற்றியாகிவிட்டது. "மாத்தினா நாலு நாள் சத்தம் இருக்காது அண்ணாச்சி, அப்புறம் வந்துருது" என்றார்.

ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றினேன். வண்டியின் கனத்தைத் தாங்கும் சுருள் கம்பியான காயில் ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று, கீழ்க் கிண்ணத்தில் உட்காரும் இடத்தில், ஒரு சாண் நீளத்துக்கு உடைந்து துண்டாகக் கிடந்தது. ஸ்பிரிங்கின் உடைந்த முனை வெளியே தள்ளி, டயரின் உள்பக்கச் சுவரை உரசி உரசி நூல் தெரியும்வரை அறுத்திருந்தது. வெளியே நின்று பார்ப்பவருக்கு டயர் புதுசுபோலத்தான் இருக்கும். அந்த வண்டியில்தான் அவர் பிள்ளைகளோடு மதுரை போய் வந்துகொண்டிருந்தார். நாலு வழிச்சாலையில் முன் டயர் அந்த இடத்தில் வெடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

ஸ்பிரிங் உடைந்தால் வண்டி நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பெரும்பாலும் உடைவது அடிச் சுற்றுதான். உடைந்த பிறகு மிச்ச ஸ்பிரிங் ஓரிரு சென்டிமீட்டர் இறங்கி மறுபடியும் உட்கார்ந்துகொள்ளும். வண்டி ஓடும், பிரேக் பிடிக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது உடைந்த முனை கிண்ணத்தில் நழுவும். அந்தச் சத்தத்தைத்தான் லிங்க் ராடு என்று நினைத்து மாற்றுகிறோம்.

எங்கள் ஊரில் இது ஏன் அதிகம்? ஸ்பிரிங் அமுங்கும்போது உண்மையில் அந்தக் கம்பி முறுக்கப்படுகிறது. முறுக்கின் அழுத்தம் கம்பியின் நடுவில் இல்லை, மேற்பரப்பில்தான் உச்சத்தில் இருக்கும். அதனால்தான் கம்பெனியில் அதன்மேல் கெட்டியான பூச்சு போடுகிறார்கள். ஒரு ஜல்லிக்கல் தெறித்துக் கடுகளவு பூச்சு போனாலும், உப்புக்காற்று அங்கே புகுந்து குழி தோண்டும். அந்தக் குழியிலிருந்துதான் விரிசல் தொடங்கும். அடிக்கிண்ணத்தில் சேறும் தண்ணீரும் தேங்கி நின்றால் இன்னும் வேகமாக நடக்கும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. அப்போது தண்ணீரில் நின்ற கார்களில் இன்ஜினையும் வயரிங்கையும் சரிசெய்தார்கள், சீட்டைக் காயவைத்தார்கள். ஸ்பிரிங் கிண்ணத்தைக் கழுவியவர்கள் எத்தனை பேர்?

சொந்த உபயோகக் காருக்கு முதல் 15 வருஷம் எஃப்.சி. (தகுதிச் சான்றுக்கான சோதனை) கிடையாது. ஆகவே இதை நாமேதான் பார்க்க வேண்டும். வீட்டிலேயே பார்க்கலாம். டிக்கியைக் காலிசெய்து, நாலு டயரிலும் காற்றைச் சரியாக வைத்து, சமமான தரையில் ஸ்டியரிங் நேராக இருக்கும்படி நிறுத்துங்கள். சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மேலே ஃபெண்டர் விளிம்புவரை டேப்பால் அளங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் தேய்மானமும் சேர்ந்து குழப்பும். இடதுக்கும் வலதுக்கும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால், சக்கரத்தைக் கழற்றிக் கடைசிச் சுற்றை டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதோடு டயரின் உள்பக்கத்தைக் கையால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்.

உடைந்தது ஒன்றுதானே, ஒன்றை மட்டும் மாற்றினால் போதாதா என்று எல்லோரும் கேட்பார்கள். செலவு புரிகிறது. ஆனால் மற்றப் பக்கத்து ஸ்பிரிங்கும் அதே சாலையில் அதே உப்பில் அதே வருஷங்கள் ஓடியதுதான். பழையது ஒரு பக்கம், புதியது ஒரு பக்கம் என்றால் வண்டி சாய்ந்து நிற்கும். முன்பக்கம் இரண்டு, அல்லது பின்பக்கம் இரண்டு என்று ஜோடியாகவே மாற்றுங்கள். வாங்கும்போது மாடல் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். டீசல் இன்ஜின் கனம் கூட, அதற்கு ஸ்பிரிங் வேறு. பார்ட் நம்பரும் ஸ்பிரிங்கில் இருக்கும் பெயின்ட் கோடும் ஒத்துப்போக வேண்டும்.

வெல்டிங் வைக்கவே கூடாது. பதம் ஏற்றிய எஃகு அந்தச் சூட்டில் பதம் இழந்து, பக்கத்திலேயே மறுபடி உடையும். சுற்றை அறுத்து வண்டியைத் தாழ்த்துவதும் அப்படித்தான். சுற்றுகளுக்கு நடுவே செருகும் ரப்பர் பஃபரையும் நான் போட்டுத் தருவதில்லை. இறங்கிப்போன ஸ்பிரிங்கை அது மறைக்கும், அடியில் ஈரத்தையும் மண்ணையும் பிடித்து வைக்கும்.

இனி இந்தத் தொழிலில் இருக்கும் தம்பிகளுக்கு. ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்தான் ஸ்ட்ரட். அதன் தலையில் ஓரமாக இருக்கும் சின்ன நட்டுகள் ஸ்ட்ரட்டை பாடியோடு பிடித்திருக்கின்றன. நடு நட்டு ஸ்பிரிங்கை அடக்கி வைத்திருக்கிறது. ஸ்பிரிங்கை அமுக்காமல் அந்த நடு நட்டைக் கழற்றினால், மேல்தட்டு துப்பாக்கிக் குண்டுபோலக் கிளம்பும். ஸ்பிரிங்கை அமுக்கும் கருவியான ஸ்பிரிங் கம்ப்ரஸரின் இரண்டு கொக்கிகளையும் எதிரெதிராக மாட்டி, மாறி மாறிக் கையால் முறுக்குங்கள். தட்டித் தட்டி வேகமாக முறுக்கும் இம்பாக்ட் ரெஞ்ச் மெஷின் வேண்டாம். கிண்ணத்தில் ஸ்பிரிங் தளர்ந்து கையால் ஆட்ட வந்த பிறகுதான் நடு நட்டைத் தொட வேண்டும். உங்கள் முகம் ஸ்ட்ரட்டின் நேர்க்கோட்டில் இருக்கவே கூடாது. அவசரம் என்று கயிற்றையும் கம்பியையும் கட்டி வேலை பார்ப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

மாட்டும்போது மேல் மவுன்ட், பேரிங், பம்ப் ஸ்டாப் (ஸ்ட்ரட் முழுதாக அமுங்கும்போது இடியைத் தாங்கும் ரப்பர்) மூன்றையும் பாருங்கள். திரும்பவும் இதே வேலைக்கு ஸ்ட்ரட்டை இறக்குவது வண்டிக்காரருக்கு இரட்டைச் செலவு. ரப்பர் புஷ் இருக்கும் போல்டுகளை வண்டி தரையில் நின்ற பிறகே கடைசியாக இறுக்குங்கள். தொங்கும்போது இறுக்கினால் புஷ் எப்போதும் முறுக்கிலேயே இருந்து சீக்கிரம் கிழிந்துபோகும். அப்புறம் வீல் அலைன்மென்ட் பாருங்கள்.

ஆசிரியர் வண்டிக்கு இரண்டு முன் ஸ்பிரிங், இரண்டு மேல் மவுன்ட், ஒரு டயர் ஆனது. டயரைக் கழற்றி உள்பக்கத்தைக் காட்டினேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. வேலை முடிந்து அளந்ததில் இடது 37.8 சென்டிமீட்டர், வலது 38. இரண்டையும் தேதியோடு பில்லின் பின்னால் எழுதிக் கொடுத்து, ஆறு மாதம் கழித்து வீட்டிலேயே அளந்து எனக்குப் போன் பண்ணச் சொல்லியிருக்கிறேன்.