பாதி வெளிச்சம் எந்த எண்ணில்?

மஸ்கெலியாவிலிருந்து உயர்தரம் படிக்கும் மாணவி ஒருவர் ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார். அவரிடம் இருப்பது விண்டோஸ் 10 ஓடும் பழைய லெப்டொப். ராத்திரி படிக்கும்போது வெள்ளைப் பின்னணி கண்ணைக் கூசுகிறது என்று, விண்டோ நிறங்களை மாற்றும் சின்ன மென்பொருள் ஒன்றைப் போட்டிருக்கிறார். அதில் நிறத்தை மூன்று எண்ணால் கொடுக்கவேண்டும்; வெள்ளைக்கு 255 255 255. பாதி வெளிச்சம் போதும் என்று 128 128 128 கொடுத்துச் சாம்பல் ஆக்கினார். அன்று கரண்ட் இல்லை, காம்பரா முழுக்க இருட்டு. போனில் வெளிச்சம் அளக்கும் செயலியைத் திறந்து, போனின் முகத்தைத் திரைப் பக்கம் திருப்பி வைத்து, இரண்டு நிறத்தையும் அளந்து பார்த்திருக்கிறார். பாதி வரவேண்டிய இடத்தில் கால்வாசிகூட வரவில்லை. “சேர், போன் பிழையா, லெப்டொப் பிழையா?”

இரண்டும் சரி. இப்படி அளந்து பார்க்கத் தோன்றியதே எனக்குப் பெரிய சந்தோஷம்.

முதலில் அந்த மென்பொருள். பழைய விண்டோஸில் விண்டோவின் ஒவ்வொரு பாகத்துக்கும் நிறம் கொடுக்க ஒரு பலகை இருந்தது. விண்டோஸ் 8 வந்தபோது அதை எடுத்துவிட்டார்கள். ஆனால் நிறங்கள், விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் அப்படியே இருக்கின்றன, பாகத்துக்கு மூன்று எண்ணாக: சிவப்பு, பச்சை, நீலம். விண்டோஸ் 10இல் தெரிவு செய்த எழுத்துக்குப் பின்னால் வரும் நீலம் 0 120 215. மென்பொருள் செய்வதெல்லாம் இந்த எண்களை மாற்றி எழுதுவதுதான். வெளியேறி மறுபடி உள்ளே வந்தால்தான் சில இடங்களில் மாற்றம் தெரியும்.

இப்போது 128க்கு வருவோம். அதற்கு முன் ஒரு லாம்பு.

லயத்தில் கரண்ட் போன ராத்திரி. ஒரு குப்பி லாம்பு எரிகிறது. பக்கத்தில் இன்னொன்றை ஏற்றினால் காம்பராவே மாறிவிடும். சுவரில் தொங்கும் காலண்டரின் தேதி தெரியும். அதே லாம்பைத் திருவிழா அன்று, வரிசை வரிசையாக பல்ப் எரியும் கோயில் வாசலில் ஏற்றிப் பாருங்கள். ஏற்றியது யாருக்கும் தெரியாது. லாம்பு கொடுக்கும் வெளிச்சம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். கண்ணுக்கு அது கணக்கில்லை. முன்பு இருந்ததைப் போல எத்தனை பங்கு கூடியது என்பதே கணக்கு. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் உடலியல் அறிஞர் ஏர்ன்ஸ்ட் வேபர் எடைகளைத் தூக்கவைத்துக் கண்ட விதியும் இதுதான். நிறைந்த கூடையில் இன்னொரு பிடி கொழுந்து விழுந்தால் முதுகுக்குத் தெரியாது என்பது மலையில் எல்லோரும் அறிந்த விஷயம்.

சரி, ஒரு நிறத்துக்கு நம்மிடம் இருப்பது 0 முதல் 255 வரை 256 படிகள். அதை வெளிச்சத்துக்குச் சமமாகப் பங்கிட்டால் என்ன ஆகும்? 1இலிருந்து 2க்குப் போனால் வெளிச்சம் இரண்டு மடங்கு. 254இலிருந்து 255க்குப் போனால் 0.4 சதவீதம். ஏறத்தாழ 1 சதவீதமாவது மாறினால்தான் கண்ணுக்குப் பிடிபடும். ஆக, இருட்டுப் பக்கம் படிகள் கண்ணில் குத்தும். வெளிச்சப் பக்கம் படிகள் வீணாகும். இருட்டில் நெருக்கமாகவும் வெளிச்சத்தில் அகலமாகவும் படி வெட்டினால்தான் 256 போதும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்: அந்தப் படியை முதலில் யாரும் கண்ணுக்காக வெட்டவில்லை. பழைய குழாய் டிவியில் மின்னழுத்தத்தைப் பாதியாக்கினால் வெளிச்சம் பாதியாகாது, கிட்டத்தட்ட ஐந்தில் ஒன்றாகும். குழாய்க்குள் இருந்து திரைமேல் எலக்ட்ரோன்களைப் பாய்ச்சும் எலக்ட்ரோன் துப்பாக்கியின் குணம் அப்படி. ஒவ்வொரு வீட்டு டிவியிலும் அதைத் திருத்தினால் செலவு. அதனால் ஒளிபரப்பும் பக்கமே சிக்னலை எதிர்த்திசையில் வளைத்து அனுப்பினார்கள். அந்த வளைவு கண்ணின் வளைவோடு ஏறக்குறைய ஒட்டிப்போனது. குழாயும் கண்ணும் ஒன்றையொன்று அறியாதவை, ஆனாலும் பொருந்தின! இன்றைய தட்டைத் திரைக்குள் துப்பாக்கி கிடையாது. இருந்தும் 1996இல் ஹியூலெட் பேக்கார்டும் மைக்ரோசொஃப்டும் முன்வைத்த, எந்த எண்ணுக்கு எவ்வளவு வெளிச்சம் என்று சொல்லும் எஸ்ஆர்ஜிபி (sRGB) முறை அந்த வளைவைத் தக்கவைத்துக்கொண்டது. அந்தக் கணக்கில் 128 தருவது வெள்ளையின் 21.6 சதவீத வெளிச்சம். கேள்வி கேட்ட தங்கச்சியின் போன் சொன்னது இதைத்தான். கண்ணுக்கோ அந்த 21.6 சதவீதம் பாதிக்குக் கிட்டத்தான் தோன்றும்.

போனுக்கும் பாதியாக இருக்கவேண்டும் என்றால் 188 கொடுக்கவேண்டும். போன் இல்லாமலும் இதைப் பார்க்கலாம். படம் வரையும் மென்பொருளில் ஒரு வரி கறுப்பு, ஒரு வரி வெள்ளை என்று ஒற்றைப் புள்ளி (பிக்சல்) அகலத்தில் கோடு போட்டு, பெரிதாக்காமல் திறந்துகொள்ளுங்கள். பக்கத்தில் உங்கள் சாம்பல் விண்டோ. நான்கைந்து அடி பின்னால் போய், திரையை நேராகப் பாருங்கள். சரிந்து பார்த்தால் மலிவான திரைகளில் நிறம் மாறும். 128இல் கோடுகள் விண்டோவைவிடப் பளிச்சென்று இருக்கும். 150, 170, 180 என்று ஏற்றிக்கொண்டே வாருங்கள். 188 கிட்ட வரும்போது கோட்டுப் படத்துக்கும் விண்டோவுக்கும் நடுவில் இருந்த எல்லை கரைந்து போகும். கோடுகளில் பாதி இடம் முழு வெள்ளை, பாதி இடம் கறுப்பு. தூரத்தில் கண் கூட்டிப் பார்ப்பது அவற்றின் எண்ணை இல்லை, வந்து சேரும் ஒளியை.

பச்சைப் பின்னணி வைத்தால் கண்ணுக்கு மருந்து என்று பலர் சொல்வார்கள். நம்பவேண்டாம். 0 255 0 என்ற முழுப் பச்சை வெள்ளையின் 72 சதவீத வெளிச்சத்தைக் கொட்டுகிறது. முழு நீலம் 7 சதவீதம்தான். தேயிலை மலையைப் பார்த்தால் கண் இளைப்பாறுவது மலை தூரத்தில் இருப்பதால். தூரத்தைப் பார்க்கும்போது கண்ணின் தசை தளர்கிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இலங்கையின் மொத்த உற்பத்தியில் ஆராய்ச்சிக்குப் போகும் பங்கு 0.1 சதவீதத்தைச் சுற்றியே நிற்கிறது. அந்தப் பணம் கூடவேண்டும், அதுவரை தோட்டப் பாடசாலைகளின் நேரசூசியில் வாரம் ஒரு பாடவேளையாவது பிள்ளைகள் தாங்களாக எதையாவது அளந்து பார்ப்பதற்கு ஒதுக்கவேண்டும். இந்தக் கேள்விக்குத் தேவைப்பட்டது ஒரு போனும் ஒரு பழைய லெப்டொப்பும்தான்.

அப்புறம், மஸ்கெலியாக்காரருக்கு ஒரு வேலை. சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவத்தில், படிக்கட்டு விளக்குகள் ராத்திரியில் மலைமேல் மாலையாகத் தெரியும். அதைப் படம் எடுத்து, அகலத்திலும் உயரத்திலும் பாதியாகச் சுருக்குங்கள். நான்கு புள்ளி ஒன்றாகும். ஒன்று வெள்ளை, மூன்று கறுப்பு என்றால் ஒளிக் கணக்கில் புதிய புள்ளி 137 ஆகவேண்டும். பல மென்பொருள்கள் எண்களை மட்டும் கூட்டி வகுத்து 64 வைத்துவிடும். அது 5 சதவீத வெளிச்சம், வரவேண்டியதோ 25. சுருக்கிய படத்தில் விளக்கு மாலை மங்கியிருந்தால் கமராவைக் குறை சொல்லாதீர்கள். விளக்கு இருக்கும் ஒரு புள்ளியைப் பெரிதாக்கி, அதன் எண்ணைப் பாருங்கள்.