பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவே இருக்கும் அந்த இரண்டு கேபிள்கள்

"மோட்டார் போட்டாலே இன்வெர்ட்டர் கட் ஆகிவிடுகிறது, பேட்டரி போய்விட்டது போல" என்று ஒரு வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். 5 கிலோவாட் சோலார் இன்வெர்ட்டர், 48 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி. வைத்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் புதுப் பேட்டரிக்கு விலை விசாரித்து வைத்திருந்தார்கள்.

மோட்டாரைப் போடாமல், வீட்டில் மற்றவை ஓடும்போதே அளந்தேன். பேட்டரி முனையில் 49.6 வோல்ட், இன்வெர்ட்டரில் பேட்டரி கேபிள் சேரும் டிசி (நேர்திசை மின்சார) முனையில் 48.8. கேபிளில் ஓடியது 40 ஆம்பியர். அவ்வளவு குட்டையான, தடித்த கேபிளில் 0.8 வோல்ட் காணாமல் போகக் கூடாது. 40-ஐ 0.8-ஆல் பெருக்கினால் 32 வாட். ஒரு சின்ன சால்டரிங் அயர்னின் சூடு அது. கழற்றிப் பார்த்தால், கேபிள் நுனியில் பொருத்தும் உலோக வளையமான லக்குக்கு மேலே இருக்க வேண்டிய வாஷரை லக்குக்கும் முனைக்கும் நடுவே போட்டு முறுக்கியிருந்தார்கள். லக்கை ஒட்டிய ஸ்லீவ் பழுப்பேறி, தொட்டதும் உதிர்ந்தது.

மோட்டார் கிளம்பும் நொடியில் அது வழக்கமாக இழுப்பதைப் போல 5 முதல் 7 மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். கேபிளில் மொத்த ஓட்டம் மூன்று மடங்கானால் வோல்டேஜ் இழப்பும் மூன்று மடங்கு, சூடோ ஒன்பது மடங்கு. இன்வெர்ட்டருக்கு அது தெரியாது. தன் முனையில் வோல்டேஜ் இறங்கியதை மட்டும் பார்த்து, பேட்டரி காலி என்று நிறுத்திவிடும். வாஷரை எடுத்து, புது லக்கைக் கேபிளில் அழுத்திப் பொருத்தி (கிரிம்ப் செய்து), முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் கையேட்டில் சொன்ன அளவுக்கு முறுக்கினேன். இழப்பு 0.1 வோல்ட்டுக்குள் வந்தது. பழைய பேட்டரியிலேயே மோட்டார் ஓடியது.

பலரும் பேனலைப் பார்க்கிறார்கள், இன்வெர்ட்டரின் வாட்டைப் பார்க்கிறார்கள். ஆனால் 5 கிலோவாட்டுக்கு 230 வோல்ட் பக்கம் சுமார் 22 ஆம்பியர்தான். அதே சக்தியை 48 வோல்ட்டிலிருந்து எடுக்க 104 ஆம்பியர் வேண்டும், இன்வெர்ட்டரின் சொந்த இழப்பைச் சேர்த்தால் இன்னும் கூடுதல். மொத்த அமைப்பிலும் அதிக மின்னோட்டம் ஓடுவது அந்தக் குட்டைக் கேபிள்களில்தான்.

இன்னொன்று என்னை நிஜமாகவே பயமுறுத்துகிறது. இந்த டிசி பாதையில், வீட்டின் ஏசி (மாறுதிசை) மின்சாரத்துக்கான எம்சிபியை, அதாவது ஓட்டம் மிஞ்சினால் தானே துண்டிக்கும் சுவிட்சை, மாட்டி வைக்கிறார்கள். 50 ஹெர்ட்ஸ் ஏசி நொடிக்கு 100 முறை பூஜ்ஜியத்தைத் தொடும். தொடர்பு விலகும்போது எழும் தீப்பொறி அப்போது அணைந்துவிடும். டிசிக்கு அந்த இடைவெளி கிடையாது, பொறி நின்று எரியும். டிசிக்கென்றே மதிப்பிட்ட பிரேக்கர், பேட்டரி முனையை ஒட்டி ஒரு டிசி பியூஸ், இரண்டும் கட்டாயம் வேண்டும். லித்தியம் பேட்டரி ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். அதைத் தாங்கி அறுக்கும் பியூஸாக இருக்க வேண்டும்.

பேட்டரியை லித்தியத்துக்கு மாற்றினால் இன்வெர்ட்டரில் பேட்டரி வகையையும் மாற்றச் சொல்லுங்கள். லெட் ஆசிட்டின் செல்களைச் சமப்படுத்த வழக்கத்தைவிட அதிக வோல்டேஜில் ஏற்றும் ஈக்வலைசேஷன் சார்ஜ் லித்தியத்துக்கு ஆகாது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? கேபிள் முனையில் நிறம் மாறியிருக்கிறதா, பிளாஸ்டிக் தீய்ந்த வாடை வருகிறதா என்று தொடாமல் கவனியுங்கள். சர்வீஸுக்கு வருபவரிடம், லோடு ஓடும்போதே இரண்டு முனைகளிலும் வோல்டேஜ் அளந்து காட்டச் சொல்லுங்கள். நட்டை நீங்களே முறுக்க வேண்டாம். பேனல், பேட்டரி இரண்டையும் துண்டித்த பிறகும் இன்வெர்ட்டருக்குள்ளே மின்னூட்டத்தைச் சேமித்து வைக்கும் கெபாசிட்டர்களில் அது தங்கியிருக்கும். நானே கையேட்டில் சொன்ன நேரம் காத்திருந்து, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் கை வைக்கிறேன்.