நைந்த பெல்ட்டும் எழும்பிய குதிகாலும்

மகனைக் கராத்தே வகுப்பில் சேர்க்க வந்த ஒருவர், என்னோடு பேசும்போதெல்லாம் என் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கேட்டேவிட்டார். "தப்பாக நினைக்காதீர்கள் மாஸ்டர். பக்கத்துத் தெருவில் சொல்லிக்கொடுப்பவரின் பிளாக் பெல்ட் நைந்து வெள்ளையாகவே ஆகிவிட்டது. உங்களுடையது புதிதுபோல இருக்கிறதே?"

"இதற்குப் பதினொரு வயதாகிறது" என்றேன். நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

அவர்மேல் குறை சொல்ல மாட்டேன். தேய்ந்த அம்மியைப் பார்த்தால் அரைத்த கைதானே நினைவுக்கு வரும்? ஆனால் அம்மி கல். பெல்ட் துணி. எந்தத் துணி என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கடைகளில் கிடைக்கும் பிளாக் பெல்ட்டுகளில் முக்கியமாக இரண்டு ரகம். ஒன்று, உள்ளே வெள்ளைத் துணி மடிப்புகள், மேலே பளபளக்கும் சாட்டின் உறை. சாட்டின் நெசவில் நூல் இறுகப் பின்னாமல் மேலாக நீளமாக ஓடும். முடிச்சு விழும் இடத்தில் உரசி உரசி அந்த நூல் சீக்கிரம் அறுந்துவிடும். உள்ளிருக்கும் வெள்ளை எட்டிப் பார்க்கும். மற்றொன்று, கெட்டியான பருத்தி உறை. அது சாயம் மங்கிச் சாம்பல் பூக்குமே தவிர, லேசில் கிழியாது.

நான் முதலில் கட்டியது சாட்டின். வாரத்தில் ஐந்து நாள் பயிற்சி. மூன்றே ஆண்டில் முடிச்சைச் சுற்றி வெளுத்துவிட்டது. அந்த பெல்ட்டோடு எடுத்த புகைப்படம் ஒன்று இன்னும் வீட்டில் இருக்கிறது. பார்ப்பவர்கள் எல்லாரும் பெல்ட்டைப் பார்த்து வியக்கிறார்கள். முன்னால் தாவிக் குத்தும்போது என் பின்னங்கால் குதிகால் தரையிலிருந்து எழும்பி நிற்பதை இதுவரை ஒருவரும் கவனித்ததில்லை. அந்த நிலையில் குதிகால் எழும்பினால் குத்தில் பலம் இருக்காது. அதைத் திருத்திக்கொள்ள எனக்கு இன்னும் சில ஆண்டுகள் ஆயின. அதற்குள் பருத்தி பெல்ட்டுக்கு மாறியிருந்தேன்.

கலையைப் பொறுத்தும் தேய்மானம் மாறும். ஜூடோவில் எதிராளி சட்டையோடு சேர்த்து பெல்ட்டையும் பற்றி இழுப்பார். இருவரும் விரிப்பில் புரள்வார்கள். கராத்தேயில் பெல்ட்டை அப்படி யாரும் இழுப்பதில்லை.

உழைத்து நைந்த பெல்ட்டை அடையாளம் காண ஒரு வழி உண்டு. பெல்ட் இடுப்பை இரண்டு சுற்றுச் சுற்றும். உள் சுற்று மறைந்தே இருப்பதால் அதன் கருமை அதிகம் போகாது. முடிச்சு மடிப்பின் ஓரங்கள்தான் முதலில் வெளுக்கும். முனை முதல் முனை வரை ஒரே சீராக வெளுத்திருந்தால் கொஞ்சம் யோசியுங்கள். என் மாணவன் ஒருவன் தேர்வில் வென்று வாங்கிய பெல்ட்டை அடுத்த வாரமே உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டு வந்தான். பதினாறு வயது. திட்ட மனம் வரவில்லை.

இந்த மோகத்துக்குப் பின்னால் ஒரு கதையும் உலவுகிறது. அந்தக் காலத்தில் வெள்ளை பெல்ட்டைத் துவைக்கவே மாட்டார்களாம். வியர்வையும் மண்ணும் ஏறி ஏறிக் கருப்பாகுமாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடந்தது வேறு. 1882இல் டோக்கியோவில் கோடோகன் ஜூடோ பள்ளியைத் தொடங்கிய ஜிகோரோ கானோ, 1883இல் இரண்டு மாணவர்களுக்கு முதல் 'தான்' (தேர்ச்சிப் படி) தகுதி கொடுத்தார். கருப்பு பெல்ட் அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, தேர்ந்தவர்களைப் பிரித்துக் காட்ட வந்த அடையாளம். அந்த முறையைக் கராத்தேக்கு எடுத்துக்கொண்ட ஃபுனாகோஷி கிச்சின், 1924இல் தம் மாணவர்கள் சிலருக்கு முதல் கருப்பு பெல்ட்டுகளை வழங்கினார். முதல் தகுதியின் பெயர் 'ஷோதான்'. 'ஷோ' என்றால் தொடக்கம். நம் ஊரிலோ அதை வாங்கியதும் பிளெக்ஸ் பேனர் வைத்துவிடுகிறோம்.

துவைக்காத கதையை நம்புகிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். துவைத்தால் திறமை கரைந்துபோகாது. வியர்வை ஊறிய துணியை நம் ஊர் வெயிலில் வாரக்கணக்கில் கட்டினால் வருவது படர்தாமரை. சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள்.

வந்தவரிடம், சேர்ப்பதற்கு முன் இரண்டு வகுப்புகளிலும் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள் என்றேன். பெற்றோர் பார்க்கக் கூடாது என்று கதவைச் சாத்துகிறார்களா? சண்டைப் பயிற்சியில் எட்டு வயதுக் குழந்தையைப் பதினான்கு வயதுப் பையனோடு நிறுத்துகிறார்களா? அடிபட்டு அழும் பிள்ளையிடம் மாஸ்டர் என்ன சொல்கிறார்? சொல்லிக்கொடுக்கும்போது அவர் கண் பிள்ளைகளின் கால்களில் இருக்கிறதா, செல்போனில் இருக்கிறதா?

அவர் நிஜமாகவே வந்து உட்கார்ந்தார். மூன்றாம் நாள் வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்து, கடைசி வரிசைப் பையன் ஒருவனைக் காட்டிக் கேட்டார். "குத்தும்போது அவனுக்குப் பின்னங்கால் குதிகால் மேலே எழும்புகிறதே மாஸ்டர், அது சரியா?"