"வீட்டில்தான் எல்லாரும் இருக்கிறோமே, டாக்டர்!"

இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. இந்த வாரமும் கேட்டேன். எழுபதைத் தாண்டிய பெரியவர், மனைவி இறந்தபின் மகன் வீட்டோடு வந்து தங்கியவர். தூக்கம் இல்லை, பசி இல்லை, உடம்பெல்லாம் வலி. மகன் கொண்டுவந்த கோப்பில் இரத்தப் பரிசோதனை முதல் ஸ்கேன் வரை எல்லாம் இருந்தன. எல்லாம் சரியாகவும் இருந்தன. பெரியவரிடம் நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் மகனே பதில் சொன்னார். "நேற்று யார் யாரிடம் பேசினீர்கள், ஐயா?" என்று கேட்டபோதுதான் மகன் நிறுத்தினார். பெரியவர் சற்று யோசித்தார். "மாத்திரை போட்டுக்கொண்டீர்களா என்று மருமகள் கேட்டாள். ஆயிற்று என்றேன்."

அன்று முழுக்க அவர் பேசியது அவ்வளவுதான். "வீட்டில்தான் எல்லாரும் இருக்கிறோமே, டாக்டர்!" என்று மகன் சொன்னது அதற்குப் பிறகு!

வீட்டில் எத்தனை பேர் என்ற தலைக்கணக்கை வைத்துத் தனிமையை அளக்காதீர்கள். தனியாகக் குடியிருந்துகொண்டு ஊரெல்லாம் பழக்கம் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஆறு பேர் உள்ள வீட்டில் நாள் முழுக்க ஒரு முழு வாக்கியம் பேச வாய்ப்பில்லாதவர்களும் இருக்கிறார்கள். வீட்டுக்குள் ஒரு பெரியவரிடம் பேசப்படுவது பெரும்பாலும் விசாரணை: சாப்பிட்டாயிற்றா, மருந்து போட்டாயிற்றா, மின்விசிறியை அணைத்தாயிற்றா? அக்கறைதான், மறுக்கவில்லை. ஆனால் அதில் அவருடைய கருத்தை யாரும் கேட்பதில்லை, அவருடன் யாரும் வாதாடுவதில்லை, அவர் சொல்வதைக் கேட்டு யாரும் சிரிப்பதில்லை. தினமும் வீடியோ அழைப்பில் பேசுகிறோமே என்பவர்களுக்கும் இதே பதில்தான். பிள்ளைகளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கம் அல்ல. எவ்வளவு அன்பான குடும்பமும் ஒரு மனிதருக்குத் தேவையான எல்லா உறவாகவும் இருக்க முடியாது. பெயர்கூடச் சரியாகத் தெரியாத, பார்த்தால் தலையசைக்கிற அரைகுறை அறிமுகங்களும் மனிதருக்கு வேண்டும். அவை வீட்டுக்குள் கிடைக்காது, வெளியே ஓர் இடம் வேண்டும்.

எங்கள் காத்திருப்பு அறையைப் பார்த்தாலே இது புரியும். ஓர் அம்மா இருக்கிறார். இரத்த அழுத்தம் எப்போதும் கட்டுக்குள்தான். குறித்த நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே வந்து, நுழைவாயிலைப் பார்த்த அதே நாற்காலியில் உட்காருவார். பக்கத்தில் இருப்பவரின் முழங்கால் வலியையும் பேரனின் தேர்வையும் விசாரித்து முடித்த பிறகுதான் உள்ளே வருவார். உள்ளே எனக்குப் பெரிய வேலை இருக்காது. கூடிப் பேசுவதற்கு மருத்துவமனை வரிசையை விட்டால் வேறு இடம் இல்லை என்ற நிலையை நினைத்து எந்த மருத்துவரும் பெருமைப்பட முடியாது.

தனிமை உடம்பை என்ன செய்யும் என்று இங்கே பாடம் நடத்தப் போவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2025-இல் வெளியிட்ட அறிக்கையின்படி உலகில் ஆறில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்பட்டிருக்கிறார். ஆண்டுக்கு சுமார் 8,71,000 மரணங்களுக்கு இதோடு தொடர்பு உண்டு. முதியவர்கள் பிரச்சினை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. பதின்ம வயதினரிடம்தான் இது மிக அதிகம் என்கிறது அதே அறிக்கை.

இடத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் தருகிறேன் என்றால், 1995 ஜூலையில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் அடித்த வெப்ப அலையைப் பாருங்கள். வழக்கத்தைவிட எழுநூறுக்கும் மேற்பட்டோர் கூடுதலாக இறந்தார்கள். அதை ஆராய்ந்த சமூகவியலாளர் எரிக் கிளைனன்பர்க் அடுத்தடுத்த இரண்டு பகுதிகளை ஒப்பிட்டார். இரண்டிலும் வறுமை உண்டு, தனியாக வாழும் முதியவர்களும் உண்டு. ஆனால் ஒன்றில் இறப்பு விகிதம் மற்றதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். அங்கே கடைகள் திறந்திருந்தன, நடைபாதையில் ஆள் நடமாட்டம் இருந்தது, முதியவர்கள் வெளியே வரப் பயப்படவில்லை. அடுத்த பகுதியில் கடைகள் மூடி, தெருக்கள் வெறிச்சோடி, பெரியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்துவிட்டார்கள்.

ஆகவே, "வெளியே போய் நாலு பேரோடு பழகுங்கள்" என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவாதீர்கள். எங்கே போவது, எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு? அதைச் சொல்லுங்கள். நூலகம், பூங்கா, நடைப்பயிற்சிக் குழு, பாட்டு வகுப்பு, எதுவானாலும் சரி. ஒரே இடம், ஒரே நாள், ஒரே நேரம். ஒருநாள் வராவிட்டால் "ஏன் வரவில்லை?" என்று யாராவது கேட்கும் நிலை வரும்வரை விடாமல் போக வேண்டும். ஒருமுறை போய்விட்டு "ஒத்துவரவில்லை" என்று திரும்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: அறிமுகம் சாதாரண நட்பாக மாறவே ஐம்பது மணி நேரம் அளவுக்குச் சேர்ந்திருக்க வேண்டியிருக்கிறது என்று 2018-இல் ஓர் அமெரிக்க ஆய்வு கணக்கிட்டது. நெருங்கிய நட்புக்கு இருநூறு மணிக்கு மேல்.

கூச்ச சுபாவம் உள்ளவர்களை, முக்கியமாக ஆண்களை, வட்டமாக உட்கார வைத்து மனம்விட்டுப் பேசச் சொல்லாதீர்கள். மறுவாரம் வர மாட்டார்கள். கைக்கு ஒரு வேலை கொடுங்கள். ஆஸ்திரேலியாவில் 1990-களில் தொடங்கிய ஆண்களுக்கான பொதுப் பட்டறைகளில் மரவேலையும் பழுதுபார்ப்பும்தான் நடக்கின்றன. பேச்சு தானாக வருகிறது.

கூட்டத்துக்கு வர மறுக்கிறார், பிடிவாதம் பிடிக்கிறார் என்று திட்டுவதற்கு முன் காதைச் சோதியுங்கள். பாதி கேட்டு, பாதி ஊகித்து, தவறான இடத்தில் சிரித்து அவமானப்பட்டவர் மறுபடி வருவாரா? இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்: அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டியவர்கள் கழிப்பறை இல்லாத இடத்துக்கு வரவே மாட்டார்கள், காரணத்தையும் சொல்ல மாட்டார்கள். பொது இடங்களை நிர்வகிப்பவர்களே, தயவுசெய்து பூங்காவிலிருந்து இருக்கைகளை அகற்றாதீர்கள். யாரும் படுத்துவிடக் கூடாது என்பதற்காக முதுகு சாய முடியாத இருக்கையைப் போட்டால், பத்து நிமிடத்துக்கு மேல் எந்த முதியவரும் அங்கே உட்கார மாட்டார்.

கடைசியாக, எல்லாவற்றையும் தனிமை என்று நீங்களே முடிவு கட்டிவிடவும் வேண்டாம். நேற்றுவரை ரசித்துச் செய்ததை இன்று தொடுவதில்லை, இரண்டு வாரமாகத் தூக்கமும் பசியும் இல்லை, குளிப்பதில்கூட நாட்டமில்லை என்றால் மனச்சோர்வாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை இருக்கிறது. "நான் இருந்து என்ன பயன்" என்று ஒருவர் சொன்னால், வயதானால் அப்படித்தான் பேசுவார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். அவரைத் தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். முன்பதிவு வேண்டியதில்லை.