அளவு சரி, துளை மட்டும் பின்பக்கம்

கோயம்புத்தூரில் ஜாப் ஒர்க் எடுத்துச் செய்யும் பட்டறை ஒன்றில் டிராயிங் சரிபார்ப்பது என் வேலை. சில ஆண்டுகளுக்கு முன் அமெரிக்க வாடிக்கையாளர் ஒருவருக்கு 40 அலுமினிய பிளாக்குகள் செய்து அனுப்பினோம். நாற்பதும் திரும்பி வந்தன. வெர்னியர் வைத்துப் பார்த்தால் எல்லா அளவும் சரி. ஆனால் முன்முகத்திலிருந்து 12 மி.மீ. தள்ளிக் குறுக்கே போக வேண்டிய துளை, பின்முகத்திலிருந்து 12 மி.மீ. தள்ளிப் போயிருந்தது. டிராயிங்கைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவன் நான்தான்.

ஒரு பொருளின் முன், பக்கத் தோற்றங்களைத் தாளில் எந்தப் பக்கம் வரைவது என்பதற்கு இரண்டு முறைகள் உண்டு. நாம் பாலிடெக்னிக்கிலிருந்தே ஃபர்ஸ்ட் ஆங்கிள் முறையில் பழகியவர்கள். அதில் முன்தோற்றத்துக்கு வலப்புறம் வரைந்திருப்பது, பொருளை இடப்பக்கம் நின்று பார்த்த தோற்றம். அமெரிக்காவில் தேர்ட் ஆங்கிள். வலப்பக்கம் நின்று பார்த்ததை வலப்புறமே வரைவார்கள். ஆக, அந்தப் பக்கத்தோற்றத்தின் இடது விளிம்பு அவர்களுக்கு முன்முகம், நமக்குப் பின்முகம். போதாததற்கு அது ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை போகும் ஊடுதுளை. எப்படிப் படித்தாலும் முன்தோற்றத்தில், உள்ளே மறைந்திருப்பதைக் காட்டும் அதே டாட்டட் லைன்தான், சந்தேகம் எங்கிருந்து வரும்?

விஷயம் டைட்டில் பிளாக்கிலேயே, அதாவது டிராயிங்கின் விவரங்களை எழுதும் மூலைக் கட்டத்திலேயே இருந்தது. தலை வெட்டிய கூம்பு ஒன்று, பக்கத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வட்டங்கள். வட்டங்கள் கூம்பின் அகன்ற முனைப் பக்கம் இருந்தால் ஃபர்ஸ்ட் ஆங்கிள், குறுகிய முனைப் பக்கம் இருந்தால் தேர்ட். ஜெராக்ஸில் மங்கிப்போன அந்தச் சின்னத்தை யாரும் தேடவில்லை.

இப்போது மெஷினில் ஜாப் ஏறுமுன் ஷீட்டின் பின்பக்கம் பென்சிலால் ஓர் ஐசோமெட்ரிக் படம், அதாவது மூன்று முகமும் சேர்ந்து தெரியும் படம், போடச் சொல்கிறேன். இரண்டு பக்கமும் கோடுகள் 30 டிகிரி சாய்வு, ஸ்கேல் வேண்டாம், முன்முகத்தில் ‘முன்’ என்று எழுத வேண்டும். “சார், எனக்கு டிராயிங் வராது” என்பார்கள். கோயில் கோபுரத்தையா வரையச் சொன்னேன்? கோடு கோணலாக இருக்கட்டும், எந்த முகம் எது என்று தெரிந்தால் போதும். கம்ப்யூட்டரில் சுழற்றிப் பார்க்கலாமே என்றும் கேட்பார்கள். தப்பாகப் படித்துப் போட்ட மாடல் எவ்வளவு சுழற்றினாலும் அழகாகத்தான் சுழலும். கையால் போடும்போது துளையை எந்த முகத்தை ஒட்டி வைப்பது என்று பென்சில் நின்றுவிடும். அங்கேதான் கேள்வி வருகிறது.

போன மாதம் புதுப் பையன் ஒருவன் பாதிப் படத்தில் நிறுத்திவிட்டு, “சார், இந்த சைடு வியூ எந்தப் பக்கம் நின்னு பார்த்தது?” என்றான். பதில் சொல்லாமல் டைட்டில் பிளாக்கைக் காட்டினேன்.